ஐப்பசி இலையும் ஒரு ‘உடனே’யும்

பெற்ற தாயைச் சுடுகாட்டுக்குப் பூப்பறிக்க அனுப்பிய மகராசனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், மழை வந்தால் அவருடைய முழங்கால் மட்டும் என்னைவிட அதிகமாகப் பேசுகிறது. மூன்று நாளாக விருத்தாசலத்தில் விடாத மழை. பீங்கான் கம்பெனியில் அச்சில் வார்த்த யானைப் பொம்மைகள் காயாமல் அப்படியே நிற்பதால் எங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது. அந்த ஓய்வில்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ சிரிக்கிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைக் கிண்டல் பண்ணக் கிளம்பிவிடுகிறேன், அதற்குள் செல்லில் காசு தீர்ந்துவிடுகிறது. அதோடு, எழுதி ஒட்டாத எதையும் நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அஞ்சாம் வகுப்போடு விட்ட எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவன், கோணலையும் நிமிர்த்திப் படித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை கயலும் அவள் அம்மாவும் நம் வேப்பூர்ப் பக்கத்து மங்களூரிலிருந்து புடவை விஷயமாக வந்திருந்தார்கள். அடுத்த தையில் மருமகளாக வரப்போகிறவள், வந்த இடத்தில் சும்மா உட்கார மாட்டேன் என்று வெங்காயம் உரித்தாள். பள்ளிக்கூட டீச்சர் வெங்காயம் உரிக்கிற அழகைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதனால் நீ அனுப்பிவைத்த, உன் ஆராய்ச்சியை டைப் அடித்த காகிதக் கட்டை அவள் கையில் கொடுத்து, “இதுல இன்னா எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லும்மா, எனக்கு இங்கிலீசுல ஏ, பி, சி வரைக்கும்தான் பழக்கம்” என்றேன். முதலில் நன்றி சொல்லும் பக்கத்தைத்தான் எடுத்தாள். உன் சாருக்கு நன்றி, லேப்பில் இருப்பவர்களுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி. கடைசியில் நான். கயல் ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கிச் சொன்னாள்: “இலைகளைப் பறித்து உலர்த்தித் தந்து, தவறு நடந்தது தெரிந்த உடனே என்னிடம் சொன்ன என் அம்மாவுக்கு.” நான் கேட்டேன், “உடனேன்னா போட்டிருக்கான்?” “ஆமாங்க அத்தை, உடனேன்னுதான் இருக்குது, இதோ பாருங்க,” என்று விரல் வைத்துக் காட்டினாள். அந்தக் குட்டி இங்கிலீசுச் சொல்லை நானும் பார்த்தேன். கயலின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன். அந்த ஒரு சொல் பொய்யடா. நீ எழுதிய பொய் இல்லை, நான் உனக்குக் கொடுத்த பொய். திங்கட்கிழமை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து கேள். இரண்டரை வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில் லீவுக்கு வந்தவன், “எம்மா, எனக்கு ஒரு வருஷத்துக்கு மாசா மாசம் நித்தியகல்யாணி இலை வேணும்” என்றாய். பெயரைக் கேட்டதும் கல்யாண ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் சிரித்தேன். அப்புறம்தான் கையைப் பிடித்து மணிமுத்தா ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், சுடுகாட்டை ஒட்டிக் கொத்துக்கொத்தாக நிற்கும் அந்தச் சிவப்பும் வெள்ளையுமான பூச்செடியைக் காட்டினாய். “இதுவாடா! இது சுடுகாட்டு மல்லி. இதைப் பறிச்சா வூட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க” என்றேன். “புத்துநோய்க்கு ஏத்துற ஊசி மருந்துல ரெண்டு இந்தச் செடியிலேர்ந்துதாம்மா எடுக்குறாங்க” என்று நீ சொன்னாய். வெயில் காலம், மழைக்காலம், பனிக்காலம் என்று மாறும்போது இலைக்குள் இருக்கும் சரக்கும் ஏறி இறங்குமாம். எந்தக் காலத்து இலைச்சாறு கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்லை எவ்வளவு கொல்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வேப்பூர்ப் பக்கத்துக் காட்டு நிலத்துச் செடியை நீயே போய்ப் பறித்துக்கொள்வாய், நம் ஊர் ஆற்றங்கரைச் செடி என் பொறுப்பு. அந்தத் தட்டு விஷயத்தைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். உடனே நீ, “எம்மா, தட்டுல ஆசிட் ஊத்துனாலும்தான் செல்லு செத்துடும். அதுக்காவ ஆசிட்டைக் குடிப்பியா? இந்த இலையை யாரும் வாயில வெக்கக் கூடாது, வெஷம்” என்று ஊன்றிச் சொன்னாய். நீ இப்படிச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

ஒரு தாளில் எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாய். மாதத்தின் முதல் ஞாயிறு. காலை எட்டு மணிக்குள். நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலை மட்டும். நிழலில் காய வைக்கவும், வெயில் படக் கூடாது. காகிதப் பையில் போட்டு, எந்த நாள், எந்த இடம், எப்படிக் காய்ந்தது என்று எழுதி ஒட்டவும். அந்தத் தாளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தேன். முப்பது வருஷமாகப் பேனா பிடிக்காத கை. முதல் பையில் ‘சித்திரை’ என்று எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது, உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ‘த்’துக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்பது போல. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூடையோடு சுடுகாட்டுப் பக்கம் போவதைப் பார்த்து ஊரில் கேட்காத கேள்வி இல்லை. “யாருக்கு யக்கா காரியம்?” என்பார்கள். “எம் புள்ளையோட சோம்பேறித்தனத்துக்கு” என்பேன். இலை காய்ந்ததா என்று பார்க்க, கம்பெனியில் பொம்மைக்குச் செய்வது போலவே கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும், காய்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைப் பெற்றதைவிட அந்தப் பைகளில் என் கையெழுத்தைப் பார்த்ததுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னைப் பெறுவதில் எனக்கு எழுத்துப்பிழை வர வாய்ப்பில்லையே.

பிறகு ஐப்பசி வந்தது. அந்த வருஷ மழை உனக்கு நினைவிருக்கும், நீ ஊருக்கு வரவே இல்லை. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் இலையைப் பறித்து வந்துவிட்டேன். ஆனால் எங்கே காய வைப்பது? வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். இரண்டாம் நாள் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தது. மூன்றாம் நாள் இலை ஓரம் கறுக்கத் தொடங்கிவிட்டது. எனக்குப் பதற்றம். உன் அப்பா சூளை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “சூளைக் கொட்டாயிலதான் ரேக்கு சும்மா கெடக்குதே, அங்க கொண்டாந்து வையேன்” என்றார். “வெயிலு படக் கூடாதுன்னு எழுதியிருக்கானே” என்றேன். “அங்க ஏதுடி வெயிலு? நாலு பக்கமும் தகரம். இருவது வருசமா அங்க வேலை பாக்குறேன், சூரியனைப் பாத்ததே இல்ல.” சரிதானே? நான் போய் நின்று பார்த்தேன். ஒரு பொட்டு வெயில் இல்லை. நல்ல நிழல். அவசர ஆர்டர் வந்தால் வார்த்த பொம்மையை நாங்கள் காய வைக்கிற இடமே அதுதான். தட்டில் பரப்பி, சூளைச் சுவரை ஒட்டிய ரேக்கில் வைத்தேன். ஒரு ஷிப்டில் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பையில் ‘நிழலில் காய வைத்தது’ என்று நிம்மதியாக எழுதினேன். கார்த்திகைக்கும் அதே வேலைதான். எனக்குப் பெருமை வேறு. எட்டு நாள் வேலையை எட்டு மணி நேரத்தில் முடித்தவள் இல்லையா?

அதற்கடுத்த வைகாசியில் நீ வந்தாய். கையில் இனிப்புப் பொட்டலம். காபியை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு சொன்னாய். வேப்பூர் இலையில் மழைக்காலத்தில் சரக்கு கொஞ்சம் குறைகிறது. நம் ஊர் இலையில் அடியோடு விழுந்துவிடுகிறது, தட்டில் இருக்கும் செல்லை அது ஒன்றுமே செய்யவில்லை. ஆற்றங்கரை மண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்வதால் இருக்கலாம் என்று நினைக்கிறாய். உன் சார் முதுகில் தட்டிக்கொடுத்தார், இதையே முதல் கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார், இன்னும் சில மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும், ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். நான் உன் வாயில் இனிப்பை ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், “ஏம்பா, ஏன் நெழல்லயே காய வெக்கணும்? வெயில்ல போட்டா சீக்கிரம் காயுமே?” நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “சூடு பட்டா அந்தச் சரக்கு செதஞ்சி போயிடுங்க. அதான் நெழல்ன்றது. காத்துல மெள்ளக் காயணும்.” எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மண் இல்லை, மழை இல்லை, நான். உன் முதல் கட்டுரை சூளைச் சுவரில் வெந்த இலை.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்லப்போவது தெரியாது. அன்று சாயங்காலம் நீ பஸ் ஏறினாய். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து “போயிட்டு வரேம்மா” என்றாய். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. “தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். இப்படி எட்டு நாள். அந்த எட்டு நாளில் நீ இரண்டு முறை போன் பண்ணினாய், இரண்டு முறையும் நான் கல்யாணப் பத்திரிகையின் நிறத்தைப் பற்றிப் பேசினேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றா இரண்டா? யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். சூளைச் சுவரை ஒட்டி வைத்தாலும் அது நிழல்தானே என்றேன். பையன் சந்தோஷமாக இருக்கிறான், அதைக் கெடுப்பானேன் என்றேன். இந்தக் கடைசிச் சமாதானம்தான் ரொம்ப நன்றாக ஒட்டிக்கொண்டது. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால், ரேக்கில் வைக்கச் சொன்னது நான்தானே என்று அவர் நேராக உன்னிடம் வந்து நின்றிருப்பார். அவருக்கு நடிக்கத் தெரியாது. உனக்கும் அந்தக் குணம்தான்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது நடந்ததை அந்த எட்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் லீவு என்று உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஓடி விளையாடி ஒரு பலகையைத் தட்டிவிட்டாய். பன்னிரண்டு பிள்ளையாருக்கும் துதிக்கை போய்விட்டது. சூப்பர்வைசர் வந்து கேட்டதும், பூனை தாண்டிவிட்டது என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். உன் காதிலும், “பூனைன்னு சொல்லு, தெரியுதா?” என்று ஓதிவைத்தேன். மறுநாள் நீ அவருடைய சைக்கிளுக்கு முன்னால் போய் நின்று, “பூனை இல்லீங்க, நாந்தாங்க” என்றாய். அவர் சிரித்துவிட்டார். நான் உன் காதைத் திருகினேன். உண்மை சொன்னதற்காகத் திருகினேனடா, அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பொய் சொல்ல நான் கற்றுக்கொடுத்தும் நீ கற்றுக்கொள்ளவில்லை. படிப்பில் கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள், நான் நடத்திய அந்தப் பாடத்தில் மட்டும் நீ பெயில்.

ஒன்பதாம் நாள்தான் பவுனு வந்தாள். என் பக்கத்து மேஜையில், வார்த்த பொம்மையை ஈர ஸ்பாஞ்சால் வழவழவென்று துடைத்தெடுக்கும் பவுனுதான். அவள் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி, பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நீ வந்து போன மறுநாளே, எம் புள்ள கண்டுபிடிச்சுட்டான், நம்மூரு மழைக்காலத்து இலையில ஒண்ணுமே இல்லையாம் என்று கம்பெனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொன்னபோது உண்மை எனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னேன். பெருமை பேசிப் பழகிய வாய். அன்று சாப்பாட்டு வேளையில் பவுனு தன் மஞ்சள் பையைத் திறந்து காட்டினாள். பை நிறைய நித்தியகல்யாணி.

“இன்னாடி இது?”

“முந்தாநேத்து பேஞ்ச மழைக்கு ஆத்தோரம் தளதளன்னு நிக்குதுக்கா. அதான் ஒரு கை பறிச்சேன். கஷாயம் வெச்சு தெனம் ஒரு டம்ளரு அவருக்குக் குடுக்கலாம்னு.”

“அடிப்பாவி! அது வெஷம்டி. ஆளையே சாய்ச்சிடும்.”

“அது வெயில் காலத்து இலைக்கா. மழை பேஞ்சா சரக்கு இருக்காதுன்னு நீதானே சொன்ன? சும்மா துளியூண்டு இருக்கும்ல, அது மெள்ள மெள்ள வேலை செய்யட்டுமே. கெடுதியும் இல்ல. ஒம் புள்ள படிச்ச புள்ள, பொய்யா சொல்லும்?”

நான் பையைப் பிடுங்கிக் கழிவு மண் கரைக்கும் தொட்டியில் கொட்டினேன். பவுனு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “யக்கா, ஒனக்கு இன்னா பைத்தியமா? எம் புருசனைக் காப்பாத்துறது ஒனக்குப் புடிக்கலியா?” என்று கத்தினாள். மொத்த ஷெட்டும் திரும்பிப் பார்த்தது. “எம் புள்ள பொய் சொல்லலடி,” என்றேன், “அந்த இலையை நாந்தான் சூளையில வெச்சு வேக வெச்சுட்டேன். அவன் கணக்கு என்னால தப்பாயிடுச்சு. மழைக்காலத்து இலையிலயும் வெஷம் இருக்குது. ஆஸ்பத்திரியில குடுக்குற மருந்தை மட்டும் குடு, ஒங்காலைப் புடிக்கிறேன்.” பாரடா, பெற்ற பிள்ளையிடம் எட்டு நாள் சொல்ல முடியாததை ஐம்பது பேருக்கு முன்னால் கத்தினேன். பவுனு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் அப்போதே ஸ்பாஞ்சைக் கீழே போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லி (இதுவும் பொய்தான், ஆனால் சின்னது), சேத்தியாத்தோப்பு வழியாக உன் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மேலெல்லாம் வெள்ளை மண். பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் ஏதோ கோயிலுக்கு வேண்டிக்கொண்டு விபூதி பூசியிருப்பதாக நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தாள்.

உன் ஹாஸ்டல் கேட்டில் என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துவிட்டது. “எம்மா, அப்பாவுக்கு எதாவது…” என்றாய். “உங்கப்பாவுக்கு இன்னா கேடு, நல்லாத்தான் இருக்குறாரு. கேடு எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன். ரேக், தகரக் கொட்டகை, ஒரு ஷிப்ட், பவுனு, எல்லாம். நீ திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டிச் சமாளித்திருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். நீ திட்டவில்லை. பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாய்.

“எம்மா, அந்த ரேக்குல எவ்ளோ சூடு இருக்கும்?”

“கைய வெச்சா பத்து எண்றதுக்குள்ள எடுத்துடணும்.”

“எத்தினி நேரம் வெச்ச?”

“காலை ஷிப்டு முழுக்க. கார்த்திகை இலையையும்தான்.”

எழுதிக்கொண்டாய். ஒரு வருஷத்து உழைப்பை நான் கரியாக்கிவிட்டு வந்து நிற்கிறேன், நீ என்னிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறாய்! பிறகு நோட்டை மூடிவிட்டுச் சொன்னாய்: “தப்பு ஒம்மேல இல்லம்மா. நெழல்னு எழுதுனவன் நான். எந்த நெழல்னு எழுதலியே.” நான் அழுதேன். என்னை அழவைக்க உன் அப்பாவால் கூட முடிந்ததில்லை. நீ என்னை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தயிரை நீயே ஊற்றினாய். ஊற்றிக்கொண்டே, “தெரிஞ்ச ஒடனே வந்து சொல்லிட்டியே, அது போதும்மா. கட்டுரை அச்சுல வந்தப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றாய். அங்கேதான் நான் தவறினேன். எட்டு நாள் ஆச்சுடா என்று சொல்லியிருக்கலாம். என்னை நல்லவளாகப் பார்க்கிற அந்தக் கண்ணைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தயிர்ச்சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டேன்.

அதனால் உனக்கு ஆன நஷ்டம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் சார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டுரை நின்றது. மறுபடியும் மழைக்காலம் வரும்வரை காத்திருந்து, மறுபடியும் இலை பறித்து, மறுபடியும் எல்லாவற்றையும் தட்டில் பார்க்க வேண்டியிருந்தது. ஆவணிக் கல்யாணம் தள்ளிப்போனது. மங்களூருக்கு நானும் உன் அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு போனோம். கயலின் அப்பா வாயைத் திறக்கும் முன்னே கயல், “ஒரு மழைக்காலம்தானே அத்தை? அதுக்குள்ள நானும் என் கரஸ்பாண்டன்ஸ் பரிச்சையை எழுதி முடிச்சுடுறேன்” என்றாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இந்தப் பெண்ணை எந்தக் காலத்திலும் உன் பக்கம் நின்று திட்டக் கூடாது என்று. அந்த வருஷ ஐப்பசியில் நீயே வந்து வீட்டுக்குள் நாலு கயிறு கட்டி, பழைய புடவையில் இலையைப் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டாய். அடுப்பு சூடு படுமென்று சமையலைப் பின்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றினாய். உன் அப்பா பத்து நாள் குடையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். பீடி பற்ற வைக்கப் போனால், “அப்பா, வெளிய!” என்பாய். “இது எம் வூடா, இலையோட வூடா?” என்று கேட்டுக்கொண்டே மழையில் நின்று குடித்தார். பத்தாம் நாள் நானும் நீயும் ஆளுக்கொரு இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். சில்லென்று இல்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் தலையாட்டிய பிறகுதான் பையில் போட்டாய். பெரிய படிப்புப் படித்தவன் என் கன்னத்தை நம்பினாய். அந்த இலையில் சரக்கு கொஞ்சம் குறைந்திருந்தது, காணாமல் போகவில்லை என்று பிறகு நீ சொன்னபோது, பவுனுவிடம்தான் முதலில் ஓடினேன். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வைத்தியத்தில் தேறிவிட்டார். குரல் மட்டும் கரகரவென்று இருக்கிறது. போன வாரம் வந்து, உன் கல்யாணத்துக்கு மைக்கில் வாழ்த்துச் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்கிறவர்கள் பாடு.

கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீ நிழல் என்பாய், கயல் வேறொரு நிழலை நினைத்துக்கொள்வாள். அவள் சீக்கிரம் என்பாள், நீ வேறொரு சீக்கிரத்தை நினைப்பாய். இரண்டு பேரும் சொன்னபடிதான் செய்திருப்பீர்கள், இலை மட்டும் கருகிப்போயிருக்கும். எந்த நிழல் என்று கேட்கக் கூச்சப்படாதே. அப்படியும் கருகிவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடு. நான் எட்டு நாள் பார்த்துவிட்டேன், அந்த எட்டு நாளில் சோற்றுக்கு ருசியே இல்லை. இவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு அப்புறமும் என்னிடம் இலை பறிக்கிற வேலையை நீ பிடுங்கவில்லையே, அதற்கு உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அஞ்சாம் வகுப்புக்காரியின் கோணல் எழுத்தைப் பையில் ஒட்டி, உன் பல்கலைக்கழகத்து அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறாய் என்று கயல் சொன்னாள். அந்த வரிசையில் வெந்த இரண்டு பையும் இருக்கிறதாம், தூக்கிப் போடாமல் ‘சூளை அருகே காய்ந்தது’ என்று நீயே திருத்தி எழுதி வைத்திருக்கிறாயாம். அதைக் கேட்டபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதும் தைரியம் வந்தது. கெட்டுப்போன இலையைக்கூட, எப்படிக் கெட்டது என்று சரியாக எழுதிவிட்டால் நீ வைத்துக்கொள்கிறாய்.

அதனால் நன்றிப் பக்கத்திலும் திருத்து. என் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவள் இல்லை நான். அந்த ‘உடனே’யை மட்டும் அடித்துவிட்டு, ‘எட்டு நாள் கழித்து’ என்று போடு. உன் சார் ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடு. கயலுக்கும் படித்துக் காட்டு, பவுனுக்கு நானே படித்துக் காட்டிவிட்டேன். கேட்டுவிட்டு அவள், “எட்டு நாளா யக்கா? நான் கஷாயத்துக்கு இலையை எடுத்தாரலன்னா எண்பது நாளாயிருக்கும்” என்கிறாள். அதுவும் உண்மைதான். அதையும் எழுதிக்கொள்.

நாள்: ஐப்பசி, விடாத மழை.
இடம்: விருத்தாசலம், நம் வீட்டுச் சமையலறை, ஒழுகாத மூலை.
எடுத்தது: உன் அம்மாவின் மனசிலிருந்து, ஒன்றரை வருஷம் தாமதமாக.
காய வைத்த விதம்: ஃபேன் காற்றில், மை உலரும் வரைக்கும். சூளைப் பக்கம் கொண்டு போகவே இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.